வானத்து மழையும் வீட்டுக் கிணறும்: கேள்வி பதில்

செய்தியில் "10 செ.மீ. மழை" என்கிறார்களே, அதை வீட்டிலேயே அளக்க முடியுமா?

தாராளமாக முடியும். பெய்த மழை ஓடாமல், உறிஞ்சப்படாமல் அப்படியே தேங்கினால் நிற்கும் உயரம்தான் அந்த 10 செ.மீ. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். 1,000 சதுர அடி மொட்டை மாடியில் 1 செ.மீ. பெய்தாலே சுமார் 930 லிட்டர் விழுகிறது.

உள்விட்டம் 11.3 செ.மீ. உள்ள, பக்கம் உயர்ந்த புனல் ஒன்றும் 2 லிட்டர் பாட்டிலும் போதும். அந்தப் புனலின் வாய்ப்பரப்பு 100 சதுர செ.மீ. எனவே பாட்டிலில் சேரும் ஒவ்வொரு 10 மி.லி.யும் 1 மி.மீ. மழை. வேறு அளவுப் புனல் என்றால் ஆரம் × ஆரம் × 3.14, வரும் எண் எத்தனையோ, அத்தனை மி.லி. சேர்ந்தால் 1 செ.மீ.

பெரும்பாலான பிழை வைக்கும் இடத்தில்தான் வருகிறது. கைப்பிடிச் சுவரை ஒட்டி வைத்தால் காற்று சுழன்று மழையைத் தள்ளிவிடும். பக்கத்தில் 5 அடி உயரச் சுவர் இருந்தால் குறைந்தது 10 அடி தள்ளி வையுங்கள். தட்டையான புனலில் துளிகள் தெறித்து வெளியே போகும், அளவு குறைவாகக் காட்டும். வாளியில் அளக்காதீர்கள், வாய் அகன்று அடி குறுகியிருப்பதால் உயரம் கூடுதலாகத் தெரியும்.

திங்கள் மாலை கொட்டிய மழை செவ்வாய்க்கிழமைக் கணக்கில் வருகிறதே?

வானிலை ஆய்வு மையத்தின் மழை நாள் காலை 8.30 முதல் மறுநாள் காலை 8.30 வரை. நீங்களும் 8.30-க்கே அளந்தால்தான் ஒப்பிட முடியும். அந்த 24 மணி நேரத்தில் 7 முதல் 11 செ.மீ. வரை கனமழை, 12 முதல் 20 வரை மிக கனமழை, அதற்கு மேல் அதிகனமழை.

மின்னல் எவ்வளவு தூரத்தில் என்று எப்படி அறிவது?

மின்னலுக்கும் இடிக்கும் இடையே உள்ள விநாடிகளை 3-ஆல் வகுத்தால் கிலோமீட்டர் கிடைக்கும். 30 விநாடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போய்விடுங்கள். மரத்தடி கூடவே கூடாது.

தருமபுரிப் பக்கம் 600 அடி போர் போட்டும் புகைதான் வந்தது. பக்கத்து வீட்டில் 180 அடியில் தண்ணீர். ஏன்?

உங்கள் காலடியில் இருப்பது சார்னோகைட், நைஸ் போன்ற கடினப் பாறை. தமிழ்நாட்டில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவான பரப்பு இப்படித்தான். இந்தப் பாறை மணலைப் போல நீரை உறிஞ்சி வைப்பதில்லை. மேலே உளுத்துப்போன பகுதியிலும் அதன் கீழே வெடிப்புகளிலும் மட்டுமே நீர் நிற்கும். பக்கத்து வீட்டுப் போர் ஒரு வெடிப்பை வெட்டியிருக்கிறது, உங்களுடையது இரண்டு வெடிப்புகளுக்கு நடுவே இறங்கியிருக்கிறது. ஆழம் கூடக் கூடப் பாறையின் பாரத்தில் வெடிப்புகள் இறுகிவிடும். அதனால் "இன்னும் 200 அடி" என்று தொடர்வது பெரும்பாலும் பண விரயம்.

அடுத்த முறை போருக்கு முன் மின்தடை ஆய்வு (நிலத்துக்குள் மின்சாரம் செலுத்தி, மண்ணும் பாறையும் அதை எவ்வளவு தடுக்கின்றன என்று அளப்பது) செய்யுங்கள். உளுத்த பாறை எவ்வளவு ஆழம் என்பதை அது நன்றாகவே காட்டும். ஆழத்தில் உள்ள மெல்லிய வெடிப்பைத் தவறவிடலாம், ஆகவே அதையும் முழு உத்தரவாதமாகக் கொள்ள வேண்டாம்.

பழைய திறந்த கிணறு இருந்தால் தயவுசெய்து மூடிவிடாதீர்கள். 1,000 சதுர அடிக் கூரையில் ஆண்டுக்கு 80 செ.மீ. பெய்தால், ஐந்தில் ஒரு பங்கு வீணானாலும் சுமார் 60,000 லிட்டர் அதற்குள் இறக்கலாம். வழியில் ஒரு வடிகட்டித் தொட்டி வேண்டும்: அடியில் 40 மி.மீ. ஜல்லி, நடுவே 20 மி.மீ., மேலே பருமணல். முதல் மழையை வெளியே விடுங்கள். வடிகட்டாத நீரைப் போருக்குள் விட்டால் வண்டல் வெடிப்புகளை அடைத்துவிடும், மறுபடி திறப்பது மிகக் கடினம்.

கடற்கரையிலிருந்து அரை கிலோமீட்டரில் வீடு. போர்த் தண்ணீர் உப்பாகிறது. ஆழப்படுத்தலாமா?

வேண்டவே வேண்டாம். கடலோர மணலில் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி வரை நன்னீர் இருக்கும். அந்த 1 அடியை இறைத்துத் தீர்த்தால், காலப்போக்கில் உப்பு அந்த 40 அடியும் ஏறிவரும். ஆழப்படுத்துவது உப்பை நோக்கிப் போவதுதான்.

நீரில் கரைந்துள்ள உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரால் மோட்டார் போட்ட உடனும் ஒரு மணி நேரம் கழித்தும் பாருங்கள். இரண்டாவது அளவு கூடுதலாகி, மறுநாள் காலை குறைந்திருந்தால், மோட்டார் இழுக்கும் இழுப்பில் உப்புநீர் கூம்புபோல் மேலெழுகிறது. குதிரைத்திறன் குறைந்த மோட்டாரை அரை மணி நேரம் ஓட்டி, சில மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஆழமான ஒரே போருக்குப் பதில் ஆழம் குறைந்த இரண்டு உறைகிணறுகள் இங்கே பாதுகாப்பானவை.