ரோபோ எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்குமா?
சிங்கப்பூர்ச் செங்காங் நாலறை வீட்டுக்கு 600 வெள்ளியில் தரையைக் கூட்டித் துடைக்கும் ரோபோ வாங்கினால் சமையலறை எண்ணெய்ப் பிசுக்கும் போய்விடுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகாதுங்க. இந்த விலையில் பலவும் ஈரத்துணியை இழுத்துக்கொண்டு போகும், அவ்வளவுதான், அழுத்தித் தேய்ப்பதில்லை. அடுப்படிக்கு மாப்பு கையில்தான்.

ஆனால் தூசி, முடி, சோற்றுப் பருக்கைக்குப் பலே கெட்டி. தினமும் ஓடவிட்டால் வித்தியாசம் பாதத்திலேயே தெரியும். நீளமுடி உள்ள வீடென்றால் உருளைத் தூரிகையில் சுற்றுவதை அவ்வப்போது கத்தரித்து எடுக்கவேண்டும். துணியை ஈரத்தோடு விட்டால் நம்ம ஊர்ப் புழுக்கத்தில் நாறும். கழற்றி அலசிக் காயப்போடுங்கள்.

தலையில் வழி பார்க்கும் லேசர் மேடு உள்ள ரோபோ என்றால் உயரம் கூடும், சோபாவுக்கு அடியில் சுமார் 10 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று அளந்துவிடுங்கள். சாமி மாடத்து முன் கோலம் போடுவீர்களா? ரோபோவின் கைப்பேசிச் செயலியில் அந்த இடத்துக்குத் தடை போடுங்கள், இல்லாவிட்டால் கோலமாவு வீடெங்கும்!