ரத்தக்கட்டின் ஓரம் கோடாக நிற்கிறதா?

கேள்வி: கல்லூரி நாடகக் குழுவுக்கு மேக்கப் போடுகிறேன். கிரீம் வண்ணத்தில் ரத்தக்கட்டு வரைந்தால் அதன் ஓரம் கோடு இழுத்ததுபோல் தெரிகிறது. சிலிக்கானில் செய்த காயத்தை ஒட்டினால் அதன் விளிம்பில் வண்ணம் திட்டுத்திட்டாக நிற்கிறது. என்னிடம் இருப்பவை ஐஷேடோ பூசும் சிறிய பிரஷ்கள் மட்டுமே. வேறு எவற்றை வாங்க வேண்டும்?

பதில்: இரண்டும் ஒரே குறைபோலத் தோன்றினாலும் காரணங்கள் வேறு. முதலாவது பிரஷ்ஷைக் கையாளும் முறையால் வருவது. இரண்டாவது, வண்ணமும் அது பூசப்படும் பரப்பும் ஒத்துப்போகாததால் வருவது.

ரத்தக்கட்டுக்கு உங்கள் ஐஷேடோ பிரஷ்களே போதும், ஆனால் வண்ணம் வைக்கும் பிரஷ்ஷாலேயே ஓரத்தையும் மங்கவைக்க முயலக் கூடாது. அதன் முடியில் தங்கியுள்ள வண்ணம் ஓரத்தை அழிப்பதற்குப் பதில் இன்னும் வெளியே தள்ளிப் புதிய கோட்டைப் போட்டுவிடும். தட்டையான சிறிய பிரஷ்ஷால் நடுவில் வண்ணம் வைத்துவிட்டு, முனை உருண்டு முடி அடர்ந்த, வண்ணம் தொடாத இன்னொரு பிரஷ்ஷை எடுத்து, ஓரத்தின் மேல் தேய்க்காமல் தட்டித் தட்டி, இடையிடையே காகிதக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டே வாருங்கள். உண்மையான ரத்தக்கட்டு சீராகப் பரவுவதில்லை. புதிதில் சிவந்து, பின்னர் ஊதாவாகி, நாள்பட நாள்பட ஓரங்களில் பச்சையும் மஞ்சளும் கலந்து ஆங்காங்கே அறுபட்டு நிற்கும். ஆகவே மிக வழவழப்பாக பிளெண்ட் செய்வதும் பொய்யாகவே தெரியும். முடிந்ததும் நிறமற்ற பவுடரை ஒற்றி வையுங்கள். இல்லாவிட்டால் மேடை விளக்கின் வெப்பத்தில் கிரீம் நகர்ந்துவிடும்.

சிலிக்கான் எதையும் உறிஞ்சாது. எண்ணெய்ப் பசையுள்ள கிரீம் அதன் மேல் வெறுமனே அமர்ந்திருக்கும். எத்தனை விலையுயர்ந்த பிரஷ்ஷும் அதைப் பிடித்துவைக்காது. இதற்கு ஆல்கஹாலில் கரையும் வண்ணப் பேலட் வேண்டும். 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் பிரஷ்ஷை நனைத்துத் தொட்டால் வண்ணம் கரையும். தோலில் பட்ட சில நொடிகளிலேயே உலர்ந்தும் விடும். பிளெண்ட் செய்ய அவகாசமே கிடைக்காது என்பதால், தேய்த்துக் கலப்பதை மறந்து, அடியிலுள்ள நிறம் தெரியும் அளவுக்கு மெல்லிய அடுக்குகளைப் புள்ளிகளாக ஒன்றன்மேல் ஒன்று சேர்ப்பதே வழி. அந்தப் புள்ளிகள் சிலிக்கானில் தொடங்கி விளிம்பைத் தாண்டி இயல்பான தோலிலும் விழ வேண்டும். இரண்டு பரப்பிலும் ஒரே புள்ளிகள் இருந்தால் பார்ப்பவர் கண் எல்லையைத் தேடாது.

இந்த வேலைக்கு நான் பரிந்துரைப்பது ஒப்பனைக் கடையில் கிடைப்பதை அன்று. ஓவியப் பொருள் கடையில் விற்கும் நைலான் பிரஷ்களில் முனை வளைந்த தட்டையானது ஒன்று, கூர்முனை உருண்டையானது ஒன்று என இரண்டு போதும். அளவெண் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால் எண்ணைப் பார்க்காமல், முடிப் பகுதியின் அகலம் ஐந்தாறு மில்லிமீட்டருக்கு மேல் போகாததைப் பார்த்து எடுங்கள். விலங்கு முடி வேண்டாம்; ஆல்கஹால் அதன் இயற்கை எண்ணெயை நீக்கி மொடமொடவென்று ஆக்கிவிடும். புள்ளி தெறிக்க, ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் மலிவான ஒரு அங்குலப் பெயின்ட் பிரஷ்ஷின் முடியைக் குட்டையாகவும் ஏற்ற இறக்கமாகவும் கத்தரித்து, விரலால் சுண்டுங்கள். தெறிக்கும்போது நடிப்பவர் கண்களை மூடி, அவற்றின் மேல் துணி வைத்திருக்க வேண்டும். இந்த ஆல்கஹால் எளிதில் தீப்பிடிக்கும். காற்றோட்டமுள்ள அறையில், விளக்கோ ஊதுபத்தியோ எரியாத இடத்தில் வேலை செய்யுங்கள்.

விளிம்பே படிபோல உயர்ந்து நின்றால் வண்ணம் அதை மறைக்காது, நிழல் விழுந்து மேலும் காட்டிக்கொடுக்கும். ப்ராஸ்-எய்ட் போன்ற ஒப்பனைப் பசையைக் கெட்டியாக்கி விளிம்பை ஒட்டிய பள்ளத்தை நிரவி, உலர்ந்து பவுடர் இட்ட பிறகே வண்ணத்துக்குப் போக வேண்டும். அந்தப் பசைக்கென ஒரு பழைய பிரஷ்ஷை ஒதுக்கிவிடுங்கள். அதே பசையுடன் அக்ரிலிக் வண்ணத்தைக் கலந்து செய்யும் பாக்ஸ் என்ற பூச்சை அமெரிக்க ஒப்பனைக் கலைஞர் டிக் ஸ்மித் (1922–2014) பரவலாக்கினார். அது உலர்ந்தபின் பிரஷ் முடியிலிருந்து எளிதில் வராது, ஈரமாக இருக்கும்போதே நீரில் அலச வேண்டும். ரப்பர் பாலான திரவ லேடெக்ஸைத் தொடும் முன்போ, முடியைச் சோப்பு நீரில் நனைத்துக்கொள்வது நல்லது.

ஆல்கஹால் வண்ணம் பட்ட பிரஷ்ஷை அதே 99 சதவீத ஆல்கஹாலில் அலசலாம், ஆனால் ஊறப்போடக் கூடாது; முடியைப் பிடித்திருக்கும் உலோகக் குழலினுள் உள்ள பசை இளகி முடி உதிரத் தொடங்கும். கிருமிநீக்கத்துக்கு நீர் கலந்த 70 சதவீத ஆல்கஹாலே மேல். ஒருவர் முகத்தில் பயன்படுத்தியதைச் சுத்தம் செய்யாமல் அடுத்தவரிடம் கொண்டுபோகாதீர்கள். வாயருகே ரத்த வண்ணம் வைத்த பிரஷ் என்றால் ஆளுக்கு ஒன்று தனியாகவே இருக்கட்டும்.