செகண்ட்ஸில் வாங்கிய கார் சூடானதும் இழுக்க மறுக்கிறது, எங்கிருந்து தேடத் தொடங்குவது?

உங்கள் கேள்வியைச் சுருக்கிக்கொள்கிறேன். 2011 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், வாங்கி நான்கு மாதம். காலையில் எடுத்தால் பறக்கிறது. இருபது, இருபத்தைந்து நிமிடம் ஓடியதும் எவ்வளவு மிதித்தாலும் வேகம் ஏறுவதில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்தால் மறுபடி சரியாகிவிடுகிறது. செக் இன்ஜின் விளக்கு எரியவில்லை. பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாயிற்று. பட்டறையில் "வண்டி நல்லாத்தானே இருக்கு" என்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என்னிடமும் அதையே மூன்று பட்டறைகளில் சொன்னார்கள். ராத்திரி முழுக்க அனத்திய பிள்ளை டாக்டர் முன்னால் போனதும் துள்ளி விளையாடுமே, அந்தக் கதைதான். பட்டறையில் வண்டியை நிறுத்திவிட்டு நம் முறைக்குக் காத்திருப்பதற்குள் இன்ஜின் ஆறிவிடும். ஆறிய பிறகு அதில் பார்ப்பதற்கு நோயே இருக்காது. இந்தக் கோளாறைச் சூட்டோடு சூடாகத்தான் பிடிக்க முடியும். வண்டி மக்கர் பண்ணும் அந்த ஐந்து நிமிடத்தில் என்ன கவனித்தீர்கள் என்பதில்தான் பாதி விடை இருக்கிறது.

என் வண்டியும் கிட்டத்தட்ட உங்களுடையதைப் போன்றதுதான். சேலம் டவுனுக்குள் ஓட்டியவரை எதுவும் தெரியவில்லை. ஏற்காடு ஏறும்போதுதான் குட்டு வெளிப்பட்டது. மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவதைத் தாண்டும்போது இரண்டாவது கியரிலேயே மூச்சு முட்டிவிட்டது. பின்னால் வந்த பஸ்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவே இல்லை. ஓரம் கட்டி, குடும்பத்தோடு முக்கால் மணி நேரம் குரங்குகளை வேடிக்கை பார்த்தோம். அப்புறம் ஒன்றுமே நடக்காதது மாதிரி வண்டி ஏறிப் போனது.

திரும்பி வந்ததும் செய்த தப்பு, ஆளாளுக்குச் சொன்னதை எல்லாம் மாற்றியது. ஒருவர் பிளக் என்றார். இன்னொருவர் பிளக்குக்கு மின்சாரம் கொடுக்கும் காயில் என்றார். மூன்றாமவர் சென்சார் என்றார். எந்த சென்சார் என்று கேட்டால், "எல்லாத்தையும் மாத்திட்டா நிம்மதிண்ணா" என்று பதில் வந்தது. ஒன்பதாயிரம் ரூபாய் போனதுதான் மிச்சம். எட்டாவது வளைவில் வண்டி அப்படியேதான் நின்றது.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். பானட்டைத் திறப்பதற்கு முன்னால், குறை இன்ஜினில்தானா என்று பாருங்கள். நன்றாக உழைக்கும் இன்ஜினைப் பின்னாலிருந்து யாரோ பிடித்து இழுக்கிற மாதிரியும் இருக்கலாம். பிரேக் பேடைச் சக்கரத்தின் டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் சிக்கிக்கொண்டால் அதைத்தான் செய்யும். ஓட ஓடச் சூடேறிப் பிரேக் ஆயில் விரிந்து, பேட் இன்னும் இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். ஆறியதும் விட்டுவிடும். வண்டி இழுக்காத நேரத்தில், ஆளில்லாத சமதளச் சாலையில் நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள். தானாக உருண்டு போகாமல் சட்டென்று வேகம் குறைந்தால் சந்தேகம் அங்கேதான். நிறுத்திவிட்டு நான்கு சக்கரத்தின் பக்கத்திலும் உள்ளங்கையைக் காட்டிப் பாருங்கள், தொட வேண்டாம். ஒன்றில் மட்டும் அனல் அடித்தால் இன்ஜின் மேல் பழி போட வேண்டியதில்லை.

கிளட்ச் பிளேட் தேய்ந்திருந்தாலும் சூட்டில்தான் வழுக்கும். அதைக் கண்டுபிடிப்பது சுலபம். நான்காவது கியரில் நாற்பதில் போகும்போது ஓங்கி மிதித்தால் ஆர்.பி.எம். முள் எகிறும், வேகம் ஏறாது. கருகல் வாசனையும் வரும். டெம்பரேச்சர் முள் வழக்கத்தைவிட மேலே போகிறதா என்பதையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள். அளவுக்கு மீறிச் சூடானால் இன்ஜினைக் காப்பாற்ற கம்ப்யூட்டரே பவரைக் குறைத்துவிடும். கூலன்ட் அளவை வண்டி ஆறிய பிறகு பார்க்கலாம். சூட்டில் ரேடியேட்டர் மூடியைத் திறந்து முகத்தைச் சுட்டுக்கொண்டவர்கள் நிறையப் பேர்.

இவை எல்லாம் சரியென்றால் இன்ஜின்தான். இங்கே பார்க்க வேண்டியது, அது எப்படித் திணறுகிறது என்பதை. வெட்டி வெட்டி இழுக்கிறதா, அல்லது யாரோ மெல்லக் கழுத்தை நெரிப்பது போல அமைதியாகச் சோர்கிறதா?

வெட்டி இழுத்தால் மிஸ்ஸிங், அதாவது ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியவில்லை. பிளக் மாற்றிவிட்டீர்கள், ஆனால் காயில்? உள்ளே இருக்கும் செம்புக் கம்பிச் சுருளின் இன்சுலேஷனில் கீறல் விழுந்திருந்தால், குளிரில் ஒழுங்காக வேலை செய்துவிட்டுச் சூட்டில் கைவிடும். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டி என்றால் காசில்லாமல் ஒரு சோதனை உண்டு. ஸ்கேனர் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பி0301 காட்டினால், அந்தக் காயிலை இரண்டாவதற்கு மாற்றிப் போட்டு ஓட்டுங்கள். அடுத்த முறை பி0302 வந்தால் குற்றவாளி காயிலேதான். மிஸ்ஸிங்கோடு வாரக்கணக்கில் ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் லைனில் புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து, அதன் பீங்கான் தேன்கூட்டை உருக்கிவிடும். அப்புறம் ஒரு நோய் இரண்டாகும்.

இன்னொரு அடையாளம்: கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆர்.பி.எம். முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்து, வண்டி அணைந்து, ஆறியதும் ஸ்டார்ட் ஆனால், இன்ஜின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் சூட்டில் சிக்னலை விட்டுவிடுகிறது என்று சந்தேகப்படலாம். நீங்கள் சொல்வது அப்படித் தெரியவில்லை.

அமைதியாகச் சோர்ந்தால் பெரும்பாலும் இரண்டே வழி: உள்ளே பெட்ரோல் போதவில்லை, அல்லது புகை வெளியே போக வழியில்லை. கன்வெர்ட்டர் அடைத்திருந்தால் நியூட்ரலில் மிதித்தால்கூட ஒரு கட்டத்துக்கு மேல் ஆர்.பி.எம். ஏறத் தயங்கும். இன்ஜின் உறிஞ்சும் வேகத்தை அளக்கும் வேக்குவம் கேஜ் வைத்திருக்கும் மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். ஐடிலில் 17 முதல் 22 அங்குலம் (பாதரச அளவில்) காட்டும் முள், 2500 ஆர்.பி.எம்.மில் பிடித்து வைத்திருக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக்கொண்டே வந்தால் அடைப்பு. ஆனால் அரை மணி ஓய்வில் முழுசாகக் குணமாவது அடைப்பின் சுபாவம் இல்லை. அதனால் உங்கள் வண்டியில் என் சந்தேகம் பெட்ரோல் பக்கமே போகிறது.

என் கதையின் மீதியும் அங்கேதான். நான்காவதாகப் போனது ஒரு சின்னப் பட்டறை. அந்த அண்ணன் வண்டியைத் தொடாமல் ஆர்.சி. புக்கைக் கேட்டார். எரிபொருள் என்ற இடத்தில் பெட்ரோல், எல்பிஜி இரண்டும் இருந்தன. நான் அதை அதுவரை படித்ததே இல்லை. டிக்கியில் கார்ப்பெட்டைத் தூக்கிக் காட்டினார், கேஸ் டேங்க் பூட்டியிருந்த நான்கு போல்ட் ஓட்டைகள். விற்பதற்கு முன் கிட்டைக் கழற்றியிருக்கிறார்கள்.

"தம்பி, எப்பவும் டேங்க்ல எவ்ளோ பெட்ரோல் வெச்சிருப்ப?" என்றார். ஐந்நூறு ரூபாய்க்குப் போடுவேன் என்றேன். தலையை ஆட்டினார்.

விஷயம் இதுதான். இந்த வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே மூழ்கியிருக்கும். அதன் மோட்டாரைக் குளிர்விப்பதும் அந்தப் பெட்ரோல்தான். கேஸில் ஓட்டுபவர்கள் ஸ்டார்ட் பண்ண மட்டும் இரண்டு லிட்டர் பெட்ரோல் வைத்திருப்பார்கள். பம்ப் வருடக்கணக்கில் அரை வறட்சியில் கிடந்து நலிந்துபோகும். போதாததற்கு அடியில் தங்கும் கசடு பம்பின் வாயிலுள்ள வலை ஃபில்டரை அடைக்கும். அடைப்பை எதிர்த்து உறிஞ்ச உறிஞ்ச மோட்டார் இன்னும் சூடாகும், அழுத்தம் இறங்கும். நிறுத்தினால் மோட்டார் ஆறும், வலையில் ஒட்டிய கசடும் உதிர்ந்து கீழே போகும். அதனால்தான் அரை மணி ஓய்வில் அந்த அதிசயக் குணம்! யோசித்துப் பார்த்தால், டேங்க் நிறைய இருந்த ஒரே ஒரு பயணத்தில் எனக்கு இந்தத் தொந்தரவு வரவே இல்லை. அப்போது அதைக் கவனிக்கத் தோன்றவில்லை.

அவர் ஊகத்தோடு நிற்கவில்லை. இன்ஜினுக்குப் பெட்ரோலைப் பங்கிடும் குழாயான ஃபியூயல் ரெயிலில் பிரஷர் கேஜை இணைத்து, நீண்ட ஹோஸை பானட் இடுக்கு வழியாக வெளியே எடுத்து, முன் கண்ணாடியில் வைப்பருக்கு அடியில் டேப் போட்டு ஒட்டினார். இருவருமாக மறுபடி ஏற்காடு ரோடு. அடிவாரத்தில் முள் 3 பாரில் இருந்தது. ஐந்தாவது வளைவில் இரண்டரை. எட்டில் ஒன்றே முக்கால், வண்டி திணறல். "பாத்தியா" என்றார், அவ்வளவுதான். (பெட்ரோல் லைனைக் கழற்றும் இந்த வேலையை வீட்டில் செய்யாதீர்கள். அவர் தீயணைப்பான் இல்லாமல் கிளம்பவில்லை.) பம்பும் வலையும் மாற்றி, டேங்கைக் கழுவியதற்கு ஆறாயிரத்துச் சொச்சம் ஆனது. முதலிலேயே அவரிடம் போயிருந்தால் அந்த ஒன்பதாயிரம் கையில் இருந்திருக்கும்.

கேஸ் வண்டிக்கு இன்னொரு வியாதியும் உண்டு. கேஸில் ஓடி ஓடி எக்ஸாஸ்ட் வால்வு அமரும் சீட் தேய்ந்து, வால்வு மேலேறிக்கொண்டே போகும். வால்வைத் தள்ளித் திறக்கும் டேப்பெட்டில் இருக்க வேண்டிய இடைவெளி இல்லாமல் போய்விடும். இரும்பு சூட்டில் நீளும்போது வால்வு முழுசாக மூடாது, சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், அதாவது கம்ப்ரெஷன், கசியும். குளிரில் பார்த்தால் கம்ப்ரெஷன் நன்றாகவே இருக்கும். அதனால் சோதிக்கச் சொன்னால் சூட்டிலும் ஒருமுறை எடுக்கச் சொல்லுங்கள். என் வண்டி அதில் தப்பித்தது, டேப்பெட் செட்டிங்கோடு முடிந்தது.

செக் விளக்கு எரியவில்லை என்பதற்காக ஸ்கேனரை விட்டுவிடாதீர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருந்தால், ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும் புளூடூத் கருவியைச் செருகிப் போனிலேயே பார்க்கலாம். குளிரில் கம்ப்யூட்டர் தன்னிடமுள்ள அட்டவணைப்படி பெட்ரோலைக் கொஞ்சம் தாராளமாகவே விடும். சூடானதும் ஆக்சிஜன் சென்சாரின் பேச்சைக் கேட்டு, 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்று கணக்குப் பார்க்கத் தொடங்கும். அதனால்தான் சில குறைகள் சூடான பிறகே தலைகாட்டுகின்றன. ஃபியூயல் டிரிம் என்ற எண்ணைப் பாருங்கள், கம்ப்யூட்டர் பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்பதை அது காட்டும். பத்து சதவீதம் ஏற்ற இறக்கம் சகஜம். திணறும் நேரத்தில் அது கூட்டல் இருபதைத் தாண்டினால், கம்ப்யூட்டர் பெட்ரோல் கேட்டுக் கெஞ்சுகிறது என்று அர்த்தம். பக்கத்து சீட்டில் ஒருவரை உட்கார வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள், ஓட்டிக்கொண்டே நீங்கள் போனைப் பார்க்க வேண்டாம்.

நாளைக்கே செய்யக்கூடியவை இரண்டு. ஆர்.சி.யில் எரிபொருள் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். அப்புறம் டேங்கை முழுசாக நிரப்பி, வழக்கமாகத் திணறும் அதே ரோட்டில் போங்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் வந்தது வரவே இல்லை என்றாலோ, தள்ளி வந்தாலோ பம்ப்தான் என்று முக்கால்வாசி சொல்லிவிடலாம். அப்போதும் திணறினால் ஓரம் கட்டி, இன்ஜினை அணைத்துவிட்டுப் பெட்ரோல் மூடியைத் திறந்து பாருங்கள். புஸ்ஸென்று காற்று உள்ளே இழுபட்டு, உடனே ஸ்டார்ட் செய்ததும் வண்டி உயிர் பெற்றால், டேங்குக்குள் காற்று போகும் வழி அடைத்திருக்கிறது. புது மூடியோடு செலவு முடியலாம். இரண்டும் இல்லை என்றால் எத்தனையாவது நிமிடம், டேங்கில் எவ்வளவு, வெட்டி இழுத்ததா சோர்ந்ததா என்று குறித்து இங்கேயே எழுதுங்கள், பார்க்கிறேன்.