ஸ்காபரோவில் கஞ்சாக் கடை: லீஸ் எழுதும் முன்

கேள்வி: ரொறன்ரோவின் ஸ்காபரோவில் ஒரு பிளாசாவில் மளிகைக் கடை நடத்துகிறேன். பக்கத்து யூனிட் காலியாகிறது. அங்கே சட்டப்படி கஞ்சாக் கடை திறக்கலாமா? கட்டட உரிமையாளர் உடனே லீஸ் எழுதச் சொல்கிறார்.

பதில்: இப்போது எழுத வேண்டாம். முதலில் தூரத்தைப் பாருங்கள். ஒன்ராறியோ மாகாணத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து 150 மீட்டருக்குள் கஞ்சாக் கடைக்கு இடமில்லை. பள்ளி தனி வளவில் இருந்தால், அளவு அதன் காணி எல்லையில் தொடங்கும், வாசலில் அல்ல. பெரிய விளையாட்டுத் திடல் இருந்தால் வரைபடத்தில் தள்ளித் தெரியும் கடைகூட உள்ளே விழுந்துவிடும். தனியார் பள்ளிகளையும் தேடிப் பாருங்கள். பலர் தவறவிடுவது அதைத்தான்.

தங்கள் எல்லைக்குள் கஞ்சாக் கடையே வேண்டாமென்று மறுக்க நகரசபைகளுக்கு இடமிருந்தது. ரொறன்ரோ நகரசபை கடைகளை ஏற்றதால் ஸ்காபரோவில் அந்தத் தடை இல்லை. பக்கத்து நகரங்களில் மார்க்கம் 2018-இல் வேண்டாமென்றது. மிசிசாகாவும் மறுத்துவிட்டு, 2023-இல்தான் ஒப்புக்கொண்டது.

மாகாணத்தின் மது, சூதாட்ட ஆணையத்திடம் இரண்டு அனுமதிகள் வேண்டும்: நடத்துபவருக்கு ஓர் உரிமம், அந்த இடத்துக்குத் தனியாக ஓர் அனுமதி. உங்கள் பின்னணியும் வரிக் கணக்கும் ஆராயப்படும். வரிப் பாக்கியை முன்பே தீர்த்துவிடுங்கள். இடத்துக்கான விண்ணப்பத்தின்போது கடை முகப்பில் 15 நாள் அறிவிப்பு ஒட்டப்படும், அயலவர் ஆட்சேபிக்கலாம். ஆணையம் மறுத்தால் விண்ணப்பக் கட்டணம் திரும்பி வராது, வாடகை மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே "அனுமதி கிடைத்தால் மட்டுமே இந்த லீஸ் செல்லும்" என்ற நிபந்தனையை வழக்கறிஞர் மூலம் சேர்த்த பிறகே கையெழுத்திடுங்கள்.

மளிகைக் கடைக்கும் கஞ்சாக் கடைக்கும் நடுவில் முழுச் சுவர் வேண்டும், உள்வழிக் கதவு கூடாது. 19 வயதுக்குக் குறைந்தவர் உள்ளே வரவே கூடாது. பள்ளி விட்டு வரும் உங்கள் பிள்ளைகள்கூட மளிகைக் கடையில் இருப்பதுபோல் இங்கே இருக்க முடியாது. கடுமைதான், ஆனால் சரியான கடுமை: இளையோரைக் காப்பதும் கள்ளச் சந்தையை ஒடுக்குவதும்தான் 2018 அக்டோபர் 17-இல் நடைமுறைக்கு வந்த கனடியச் சட்டத்தின் நோக்கமே.

சரக்கை மாகாண மொத்த விற்பனை நிறுவனமான ஒன்ராறியோ கனபிஸ் ஸ்டோரிடம் மட்டுமே வாங்கலாம். பொதியில் ஒன்ராறியோவுக்குரிய கலால் முத்திரை இருக்க வேண்டும். பொதியைப் பிரித்துச் சில்லறையாக நிறுத்து விற்கக் கூடாது. வீட்டுக்கு 4 செடி வளர்க்கச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் அந்த அறுவடை கடைக்குள் வரக் கூடாது.

வேலையாட்கள் எல்லோரும் கஞ்சாக் கடை ஊழியருக்கான கான்செல் (CannSell) பயிற்சி முடித்திருக்க வேண்டும். அவர்கள் அதிகம் தடுமாறுவது 30 கிராம் கணக்கில். ஒருவருக்கு ஒரே தடவையில் விற்கக்கூடிய உச்சம், உலர்ந்த கஞ்சாவாகக் கணக்கிட்டால், 30 கிராம். செறிவூட்டிய சாறு கால் கிராமே ஒரு கிராம் உலர்ந்ததற்குச் சமம். தின்பண்டமானால் 15 கிராம் சேர்ந்தால்தான் ஒரு கிராம். 10 கிராம் உலர்ந்த பூவும் 5 கிராம் சாறும் எடுத்தவருக்கு 10 + 20 = 30, அத்துடன் முடிந்தது. ஒரு பொதி தின்பண்டம்கூடச் சேர்க்க முடியாது. பில் போடும் மென்பொருள் இந்தக் கூட்டலைத் தானே செய்து, மீறினால் விற்பனையை நிறுத்துகிறதா என்று வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்.