வெள்ளி மட்டும்

வணக்கம் சார்,

மதுரையில் ஒரு ஆஸ்பத்திரிக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடையில் நாலு வருஷமாக வேலை பார்க்கிறேன். பி.பார்ம். படித்தவள். சாயங்காலம் ஆறரைக்கு மேல் ஒரே நேரத்தில் முப்பது நாற்பது பேர் கையை நீட்டுவார்கள். சீட்டைப் படித்து முடிப்பதற்குள் "எடுத்துக் குடுக்க இவ்வளவு நேரமா?" என்று சில்லறையால் கண்ணாடியைத் தட்டுவார்கள். சீட்டே இல்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டு, இல்லை என்றால் சத்தம் போடுவார்கள். படிக்காத ஜனங்களிடம் என்னத்தை விளக்குவது? இப்போதெல்லாம் சண்டை எதற்கு என்று கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன். வீட்டுக்குப் போனால் யாரிடமும் பேசவே பிடிக்கவில்லை. ஹைதராபாத்தில் ஒரு மருந்துக் கம்பெனியில் வேலை கிடைக்கிறது. போய்விடலாமா? இந்தக் கோபத்தை எப்படி அடக்குவது?

பெயர் வேண்டாம் சார்.

—

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில்தான் அம்மாவின் மருந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா போய் இரண்டு வருஷம் ஆகிறது. பழைய பிஸ்கட் டின். அதற்குள் மடிந்துபோன ஒரு பழுப்புக் காகித உறை. அதன் மேல் நீல மார்க்கரில் 'வெள்ளி மட்டும்' என்று எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்திருக்கிறது. அதை எழுதிய மனிதரிடம் நான் கத்தியிருக்கிறேன்.

ஹைதராபாத் விஷயம் நீங்களும் வீட்டில் இருப்பவர்களும் பேசி முடிவு செய்ய வேண்டியது. கோபம் வரத்தான் செய்யும். நாற்பது பேர் தட்டினால் யாருக்குத்தான் வராது? ஆனால் 'படிக்காத ஜனங்கள்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதை வாபஸ் வாங்குங்கள். அன்று கண்ணாடியைத் தட்டிய நான் எம்.ஏ. படித்தவன்.

2003. அம்மாவுக்கு முடக்குவாதம். விரல் முட்டுகளெல்லாம் வீங்கி, காலையில் தோசைக்கரண்டியைக் கூடப் பிடிக்க முடியாது. திருநெல்வேலியில் ஒரு டாக்டரிடம் காட்டிவிட்டு, பக்கத்துக் கடையில் சீட்டை நீட்டினேன். அம்பாசமுத்திரம் பஸ்ஸுக்கு இருபது நிமிஷம் இருந்தது. அம்மா கடைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர் சீட்டை ஒருமுறை படித்தார், விளக்குக்கு நேராகப் பிடித்து இன்னொருமுறை படித்தார். "யாருக்கு? என்ன தொந்தரவு?" என்றார். "அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு? இருக்கா இல்லையா?" என்றேன். பதில் சொல்லாமல் போனை எடுத்து டாக்டருக்கு அடித்தார். லைன் கிடைக்கவில்லை. மறுபடி அடித்தார். எனக்குப் பின்னால் கூட்டம் முணுமுணுத்தது. அந்தத் தைரியத்தில் நானும் குரலை உயர்த்தினேன். என்னென்ன சொன்னேன் என்று இங்கே எழுதக் கூசுகிறது. "தம்பி, கொஞ்சம் பொறுங்க" என்றார், அவ்வளவுதான்.

டாக்டரிடம் பேசி முடித்ததும் கவுண்டரை விட்டு வெளியே வந்து அம்மாவின் முன்னால் குனிந்தார். "அம்மா, இந்த மஞ்சள் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டா ஆபத்து. எந்தக் கிழமை உங்களுக்கு மறக்காது?"

"வெள்ளி. விளக்கேத்துவேன்" என்றாள் அம்மா.

அது மெத்தோட்ரெக்சேட். சீட்டில் மற்ற மாத்திரைகளோடு சேர்த்து அதற்கும் 1-0-0 என்று, அதாவது தினமும் காலையில் ஒன்று என்று, போட்டிருந்தது. தினமும் விழுங்கியிருந்தால் வாயெல்லாம் புண்ணாகி, எலும்பு மஜ்ஜை ஒடுங்கி, வெள்ளை அணுக்கள் குறைந்து, ஏதோ ஒரு சாதாரண தொற்றிலேயே போயிருப்பாள். இதெல்லாம் எனக்குத் தெரியவந்தது பிறகு வேறொரு டாக்டர் சொல்லித்தான். அன்று அந்த பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸில் போனோம்.

'எடுத்துக் குடுக்க' என்கிறார்கள் பாருங்கள், அந்த வார்த்தையில்தான் எல்லாக் கோளாறும். எடுத்துக் கொடுப்பதற்குக் கை போதும். பதிவு பெற்ற பார்மசிஸ்ட்தான் மருந்து வழங்க வேண்டும் என்று 1948ஆம் வருஷத்து பார்மசி சட்டம் சொல்வது, படித்துச் சந்தேகப்பட ஒரு ஆள் வேண்டும் என்பதற்காகத்தான். இங்கிலாந்தில் ஒரு வழக்கு. டாக்டர் நெஞ்சுச் சளிக்கு அமாக்சில் என்ற ஆன்டிபயாடிக் எழுதினார், கிறுக்கலாக. பார்மசிஸ்ட் அதை டயோனில் என்று படித்து சர்க்கரை மாத்திரையைக் கொடுத்துவிட்டார். சர்க்கரை நோயே இல்லாத அந்த மனிதருக்கு மூளை நிரந்தரமாகப் பாதித்தது. 1989இல் அப்பீல் கோர்ட் நஷ்டஈட்டில் டாக்டரின் பங்கை 25 சதவீதம் என்றும் பார்மசிஸ்டின் பங்கை 75 சதவீதம் என்றும் உறுதி செய்தது. சீட்டில் 250 மில்லிகிராம் என்று இருக்கிறது, டயோனில் 5 மில்லிகிராமில்தான் வரும். அங்கே சர்க்கரை நோயாளிக்கு மருந்து இலவசம், இவரோ காசு கொடுத்தார். இதிலெல்லாம் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா என்று கேட்டது கோர்ட். கிறுக்கியவருக்குக் கால்வாசி, சந்தேகப்படாதவருக்கு முக்கால்வாசி!

அதனால்தான் 'கேட்டதைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்' என்ற வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை. இதை எப்படி எழுதினீர்கள்? செஃபிக்சிம் மாதிரி ஆன்டிபயாடிக் அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சடித்திருப்பதை என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். அது ஹெச்1 பட்டியல் மருந்து, சீட்டில்லாமல் விற்கக் கூடாதது. 2014லிருந்து அதற்குத் தனி ரிஜிஸ்டர் உண்டு. நோயாளி பெயர், டாக்டர் பெயர், எத்தனை மாத்திரை என்று எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சீட்டில்லாமல் கொடுத்தவற்றுக்கு அதில் என்ன எழுதுகிறீர்கள்? எழுதுவதே இல்லையா, இல்லை டாக்டர் பெயரை நீங்களே போடுகிறீர்களா? "ரெண்டு மட்டும் வெட்டிக் குடுங்க" என்கிறவருக்குக் கத்தரியை எடுத்து வெட்டியும் கொடுத்திருப்பீர்கள். அவருடையது வைரஸ் காய்ச்சலாக இருந்தால் அந்த இரண்டும் வீண். கிருமித் தொற்றாக இருந்தால் இரண்டு மாத்திரையில் சாகாத கிருமி அதற்குப் பழகிக்கொள்கிறது, பிறகு அது அவர் வீட்டுக் குழந்தைக்கும் தொற்றும். சத்தம் போட்டால் போட்டுவிட்டுப் போகட்டும். இன்று கொடுத்தால் நாளைக்குப் பக்கத்து வீட்டுக்காரரையும் கூட்டி வருவார், "அந்தப் பொண்ணு ஒண்ணும் கேக்காது" என்று சொல்லி. நாலு வருஷம் படித்தது அந்தப் பேர் வாங்கவா?

சரி, நாற்பது பேருக்கு நீங்கள் ஒருத்தி என்றால் அது உங்கள் முதலாளியின் தப்பு. பில் போடவும் காசு வாங்கவும் வேறு ஆள் வையுங்கள் என்று அவரிடம் கேளுங்கள். சீட்டைப் படிப்பதை மட்டும் யாரிடமும் விடாதீர்கள்.

அந்த மனிதரின் பெயரை நான் கடைசிவரை கேட்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை. அடுத்த மாதம் போனபோது வேறொருவர் நின்றார். அம்மா மட்டும், நான் மருந்து வாங்கக் கிளம்பும்போதெல்லாம், "அந்தக் கண்ணாடிக்காரர் இருந்தா அவர்கிட்டயே வாங்குடா" என்பாள்.

கடுமையாக எழுதிவிட்டேன், ஆனால் எதையும் அடிக்கப் போவதில்லை. ஆறரைக்கு முன்னால் ஏதாவது சாப்பிட்டுவிட்டு நில்லுங்கள். மதுரையிலேயே இருப்பதாக முடிவு செய்தால் எழுதுங்கள், ஒருநாள் உங்கள் கடைக்கு வருகிறேன். சீட்டோடுதான் வருவேன். நிதானமாகப் படியுங்கள், நான் நிற்கிறேன்.