ரேஞ்ச்பைண்டர் கேமராவில் சின்ன ஃபிளாஷ்: கேள்வி பதில்

சார், லைக்கா எம்6 ரேஞ்ச்பைண்டரில் (தூரத்தை அளந்து ஃபோகஸ் செய்யும் ஃபிலிம் கேமரா) ஃபிளாஷ் போட்டு எடுத்த ரோலில் பல படங்கள் ஒரு பக்கம் கறுத்து வந்திருக்கின்றன. ஃபிளாஷ் கோளாறா?

ஃபிளாஷில் கோளாறில்லை. ஷட்டர் (ஃபிலிமுக்கு ஒளியைத் திறந்து மூடும் திரை) வேகம் 1/50 நொடியைத் தாண்டியிருக்கிறது. இந்தத் துணி ஷட்டரின் இரண்டு திரைகளும் பக்கவாட்டில் ஓடுகின்றன. முதல் திரை முழுதாக ஒதுங்கி, இரண்டாவது கிளம்பாமல் நிற்கும் கணம் 1/50 வரைதான் கிடைக்கும். 1/125-இல் இரண்டுக்கும் நடுவே ஒரு இடைவெளி மட்டுமே நகர்கிறது. ஃபிளாஷ் அடிக்கும் கணத்தில் திறந்திருந்த பகுதியில் மட்டும் அதன் ஒளி விழும். டயலில் 30-க்கும் 60-க்கும் நடுவே உள்ள மின்னல் குறிதான் உங்கள் இடம்.

கண்ணாலேயே பார்த்துவிடலாம். ஃபிலிம் இல்லாமல் லென்ஸையும் அடித்தட்டையும் கழற்றி, பின்கதவைத் தூக்குங்கள். வெள்ளைச் சுவரைப் பார்த்து ஃபிளாஷை அடித்து, பின்னாலிருந்து பாருங்கள். 1/50-இல் முழுச் செவ்வகமும் பளிச்சிடும். 1/125-இல் ஒரு பகுதிதான் தெரியும். வாய்க்ட்லேண்டர் பெஸ்ஸா ஆர்2ஏ-யில் 1/125 வரை போகலாம். அதன் உலோக ஷட்டர் மேலும் கீழுமாக ஓடுவதால், அங்கே தப்பு நடந்தால் கறுப்பு மேலேயோ கீழேயோ வரும்.

அண்ணா, என் ஃபிளாஷில் ஆட்டோ கிடையாது. கைடு நம்பர் (ஃபிளாஷின் பலத்தைச் சொல்லும் எண்) 20 என்று போட்டிருக்கிறது. அப்பர்ச்சரை (லென்ஸ் துளையின் அளவு, எஃப் எண்) எப்படி முடிவு செய்வது?

இதற்கு ரேஞ்ச்பைண்டரைவிடத் தோதான கேமரா இல்லை. கைடு நம்பரைத் தூரத்தால் வகுத்தால் அப்பர்ச்சர். அந்தத் தூரத்தைக் கேமராவே அளந்து லென்ஸ் வளையத்தில் காட்டிவிடுகிறது. முதலில் ஃபோகஸ் செய்யுங்கள், வளையத்தில் மீட்டரைப் படியுங்கள், வகுத்து அப்பர்ச்சரை வையுங்கள். பிறகுதான் ஷட்டர்.

20 என்பது ஐஎஸ்ஓ (ஃபிலிமின் ஒளி உணர்திறன்) 100-க்கு. 400 ஃபிலிமுக்கு அது 40 ஆகும். 2.5 மீட்டருக்கு எஃப் 16, 3.5-க்கு எஃப் 11, 5-க்கு எஃப் 8, 7-க்கு எஃப் 5.6. இந்த நாலையும் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி ஃபிளாஷின் முதுகில் ஒட்டுங்கள். வெளிர் சுவர் உள்ள அறையில் கணக்கு ஒத்துவரும். இரவில் வெட்டவெளியில் ஒளி திரும்பி வராது, அங்கே ஒரு ஸ்டாப் (இரு மடங்கு ஒளி) கூடுதலாகத் திறங்கள்.

கல்யாண வீட்டுக் கூட்டத்தில் ஒவ்வொரு தடவையும் ஃபோகஸ் பண்ண நேரமில்லையே?

35 எம்எம் லென்ஸை எஃப் 8-இல், 2.5 மீட்டரில் வைத்துவிட்டால் ஏறக்குறைய 1.7-இலிருந்து 4.9 மீட்டர் வரை கூர்மை கிடைக்கும். பலரும் இதோடு நின்றுவிடுகிறார்கள். ஃபிளாஷ் வெளிச்சம் அப்படிப் பரவாது. 2.5 மீட்டருக்குச் சரியாக வைத்த ஒளி 1.7-இல் ஒரு ஸ்டாப் கூடுதல், 4.9-இல் ஏறக்குறைய இரண்டு ஸ்டாப் குறைவு. கலர் நெகட்டிவ் கூடுதலைத் தாங்கும், குறைவைத் தாங்காது. அதனால் ஒளியை 3.5 மீட்டருக்குக் கணக்கிட்டு, ஃபோகஸை 2.5-இல் விடுங்கள். ஸ்லைடு ஃபிலிமில் இந்தச் சலுகை கிடையாது.

கேனனெட் க்யூஎல்17-இல் வெயிலில் முகத்து நிழலைப் போக்க ஃபிளாஷ் பயன்படுமா?

நன்றாகவே. லென்ஸுக்குள் நடுவிலிருந்து திறக்கும் லீஃப் ஷட்டர் என்பதால் 1/500-இலும் ஃபிளாஷ் ஒத்துப்போகும். ஐஎஸ்ஓ 100, நல்ல வெயில், 1/500, எஃப் 8. கைடு நம்பர் 20 ஃபிளாஷ் 2.5 மீட்டரில் முழு ஒளி தரும், ஆள் 3.5 மீட்டரில் நின்றால் ஒரு ஸ்டாப் குறைவாக விழும். முகத்துக்கு இதுதான் இயல்பாக இருக்கும். அப்பர்ச்சர் வளையத்தை ஏ (ஆட்டோ) குறியிலிருந்து விலக்கிக் கையால் வைக்க மறக்க வேண்டாம். எம்6-இல் இதே வெயிலுக்கு 1/50, எஃப் 22 வேண்டும். பல லென்ஸ்களில் எஃப் 16-தான் கடைசி. அங்கே நிழலுக்கு நகர்ந்து எடுப்பதே மேல்.

ஃபிளாஷ் அடிக்கிறது, ஆனால் படம் முழுக்க இருட்டு. பழைய லீஃப் ஷட்டர் கேமரா.

லென்ஸ் பக்கத்தில் எம், எக்ஸ் என்று லீவர் இருக்கிறதா? எம் என்பது ஒருமுறை மட்டுமே எரியும் பழைய ஃபிளாஷ் பல்புக்கானது. பல்பு சூடேறி எரிய நேரம் எடுக்கும் என்பதால், ஷட்டர் திறக்கும் முன்பே மின்சாரம் கொடுத்துவிடும். எலெக்ட்ரானிக் ஃபிளாஷ் உடனே அடித்து, ஷட்டர் திறப்பதற்குள் அணைந்திருக்கும். லீவரை எக்ஸ்-இல் வையுங்கள்.

பழைய விவிடார் 283 ஃபிளாஷ் வாங்கலாமா?

அளந்து பார்த்துவிட்டு வாங்குங்கள். பழைய 283-களில் சில 250 வோல்ட்டுக்கு மேல் கேமராவுக்கு அனுப்பும். பேட்டரி போட்டு ரெடி விளக்கு எரிந்ததும், டிஜிட்டல் மல்டிமீட்டரை டிசி உயர் அளவில் வைத்து, ஒரு முனையை அடியிலுள்ள நடுப்புள்ளியிலும் மறுமுனையை ஷூவின் (கேமராவில் செருகும் பாகம்) ஓரத் தகட்டிலும் தொடுங்கள். 24 வோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. அதற்கு மேல் போனால், எந்திர ஷட்டரில் தொடுமுனைகள் நாளடைவில் கருகும். எலெக்ட்ரானிக் ஷட்டரில் சர்க்யூட்டே போகலாம். ஃபிளாஷின் உடலை மட்டும் பிரிக்காதீர்கள். பேட்டரியைக் கழற்றிய பிறகும் உள்ளே கெபாசிட்டரில் 300 வோல்ட் அளவுக்குத் தங்கியிருக்கும்.