‘தண்ணீர் பட்டிருக்கிறது’ என்று சொல்லிவிட்டால் வாரண்டி போய்விடுமா?

கேள்வி: சிவகாசியில் வீட்டிலிருந்தே கல்யாண அழைப்பிதழ், காலண்டர் டிசைன் செய்து கொடுக்கிறேன். போன ஜூன் மாதம் ஆன்லைனில் 64,500 ரூபாய்க்கு ஒரு லேப்டாப் வாங்கினேன். ஒரு வருட வாரண்டி. ஐந்தாவது மாதத்திலிருந்து சார்ஜரைச் செருகியிருந்தாலும் சார்ஜ் ஏறுவதில்லை. வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே தானாக அணைந்து மறுபடி ஆன் ஆகிறது. மதுரையில் உள்ள கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு மூன்று முறை கொண்டுபோனேன். முதலில் அடாப்டரை மாற்றினார்கள், அடுத்து பேட்டரியை மாற்றினார்கள், மூன்றாவது முறை விண்டோஸை அழித்துப் புதிதாகப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு வாரம் ஓடும், அப்புறம் பழைய கதைதான். நான்காவது முறை போனபோது, “மதர்போர்டில் தண்ணீர் பட்டிருக்கிறது, வாரண்டியில் வராது, 31,000 ரூபாய் ஆகும்” என்றார்கள். சத்தியமாக ஒரு சொட்டுகூடச் சிந்தவில்லை. வேண்டாம் என்று சொல்லித் திரும்ப வாங்கி வந்துவிட்டேன். வாரண்டி முடிய 18 நாள்தான் இருக்கிறது. தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோர் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று தெரிந்தவர் ஒருவர் சொல்கிறார். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, அந்த 31,000 ரூபாயை இப்போது கட்டாதீர்கள். பக்கத்துக் கடையில் கொடுத்துத் திறந்து பார்க்கவும் வேண்டாம். அவசரத்தில் பலரும் செய்வது இந்த இரண்டையும்தான். பணத்தைக் கட்டிவிட்டால், தண்ணீர் பட்டதை நீங்களே ஒப்புக்கொண்டீர்கள் என்பார்கள். வெளியே திறந்துவிட்டால், வேறு ஆள் கை வைத்துக் கெடுத்துவிட்டார் என்பார்கள். லேப்டாப் இன்று எப்படி இருக்கிறதோ, அப்படியே இருக்கட்டும்.

18 நாள் என்று பதற வேண்டாம். வாரண்டி முடிவதற்குள் குறை தோன்றியதா, முடிவதற்குள் நீங்கள் முறையிட்டீர்களா என்பதுதான் கேள்வி. ஐந்தாவது மாதத்திலிருந்து சொல்லிக்கொண்டே இருக்கிறீர்கள். இடையில் வாரண்டி தேதி கடந்துவிடுவதால் அந்தப் பழைய முறையீடு செத்துப்போகாது. ஆனால் அது எழுத்தில் இருக்க வேண்டும். இன்று இரவே கம்பெனியின் வாடிக்கையாளர் சேவை மின்னஞ்சலுக்கும், விற்ற கடைக்கும், வாங்கிய ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலருக்கும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். வாங்கிய தேதி, பில் எண், லேப்டாப்பின் சீரியல் எண், நான்கு முறை போன தேதிகள், ஒவ்வொரு முறையும் என்ன மாற்றினார்கள், இப்போது என்ன சொல்கிறார்கள், இவ்வளவு போதும். கோபத்தைக் காட்டவேண்டிய இடம் இதுவல்ல. மின்வணிகத்துக்கான 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆன்லைன் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். “நாங்கள் இடைத்தரகர்தான், கம்பெனியைக் கேளுங்கள்” என்று ஒரு வரியில் ஒதுங்கப் பார்ப்பார்கள். அந்தப் பதிலையும் பத்திரப்படுத்துங்கள்.

இனி தண்ணீர் விஷயத்துக்கு வருவோம். உங்கள் வழக்கின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

வாரண்டி அட்டையில் ‘திரவம் பட்டால் வாரண்டி கிடையாது’ என்று இருக்கும். அந்த நிபந்தனை செல்லாது என்று நான் சொல்லமாட்டேன், அது செல்லும். ஆனால் தண்ணீர் பட்டதா, எப்போது பட்டது என்பதைக் காட்டவேண்டியது அந்த நிபந்தனையைச் சொல்லி மறுக்கும் கம்பெனிதான் என்று நாம் வாதாடலாம். வாயால் சொன்னது போதாது. எந்த இடத்தில் கறை இருக்கிறது, போட்டோ எங்கே, அந்தப் போட்டோவில் இருப்பது உங்கள் சீரியல் எண் உள்ள போர்டுதானா, எந்தத் தேதியில் யார் பார்த்தது என்று எழுத்தில் கேளுங்கள். தரவில்லை என்றால், கேட்டும் தரவில்லை என்பதே உங்களுக்கு ஒரு சான்று.

இன்னொரு பலமும் உங்கள் கையில் இருக்கிறது. இரண்டாவது முறை பேட்டரியை மாற்றியிருக்கிறார்கள். இன்றைய லேப்டாப்களில் பெரும்பாலானவற்றில் அடிமூடியைக் கழற்றாமல் பேட்டரியை எடுக்க முடியாது. கழற்றினால் மதர்போர்டு கண்ணுக்கு எதிரே இருக்கும். அன்றைய ஜாப் ஷீட்டில் (லேப்டாப்பின் குறையையும் பார்த்த வேலையையும் சர்வீஸ் சென்டர் எழுதித் தரும் தாள்) கறை, துரு, ஈரம் என்று எதுவும் எழுதவில்லை என்றால், அன்றுவரை அது இல்லை என்றுதான் பொருள். குறையோ அதற்கு முன்பே தொடங்கிவிட்டது. அப்படியானால் அந்தக் குறைக்குத் தண்ணீர் எப்படிக் காரணமாகும்? அதன்பிறகு லேப்டாப் எத்தனை நாள் உங்களிடம் இருந்தது, எத்தனை நாள் அவர்களிடம் இருந்தது என்றும் கணக்குப் போடுங்கள். அவர்கள் பொறுப்பில் இருந்தபோது ஏதாவது நடந்திருந்தால் அதற்கு அவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் நான்கு ஜாப் ஷீட்டுகளும் வேண்டும். கையில் இல்லாதவற்றின் நகலை மின்னஞ்சலில் கேளுங்கள். ‘உங்கள் லேப்டாப் பெறப்பட்டது’, ‘தயாராகிவிட்டது’ என்று வந்த குறுஞ்செய்திகள், வாட்ஸ்அப் உரையாடல்கள் எதையும் அழிக்காதீர்கள். இந்த மின்னணுப் பதிவுகளை நுகர்வோர் ஆணையத்தில் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழும் சேர்த்துக் கொடுப்பது நல்லது. ஜாப் ஷீட்டில் உங்கள் குறை என்ன வார்த்தையில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘சார்ஜ் ஏறவில்லை, தானாக ரீஸ்டார்ட் ஆகிறது’ என்ற ஒரே வரி நான்கு முறையும் இருந்தால், ஒரே நோய் தீரவே இல்லை என்பதற்கு அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை. நீங்கள் ரீஸ்டார்ட் என்று சொன்னதை அவர்கள் ‘சிஸ்டம் ஸ்லோ’ என்று எழுதியிருந்தால், திருத்தி எழுதும்படி இப்போதே மின்னஞ்சலில் கேளுங்கள். இதைப் படிக்கிற மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: சரியாகிவிட்டது என்று அச்சிட்ட தாளில் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள். ‘சோதித்துப் பார்க்காமல் பெற்றுக்கொண்டேன்’ என்று கையால் எழுதிவிட்டுப் போடுங்கள்.

லேப்டாப் இப்போது உங்கள் வீட்டில் இருப்பதால், திறக்காமலே சில சோதனைகள் செய்யலாம். எதிர்த்தரப்பு என்ன கேட்கும் என்று எனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். முதல் கேள்வி, வீட்டு கரண்டில் ஏற்ற இறக்கம் இருக்கிறதா என்பது. சார்ஜரைக் கழற்றிவிட்டு, பேட்டரியில் மட்டும் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் தானாக ரீஸ்டார்ட் ஆனால் வீட்டு கரண்டைக் குறை சொல்ல வழியில்லை. அதைத் தேதி தெரியும்படி வீடியோ எடுங்கள். இரண்டாவது கேள்வி, வேறு சார்ஜர் போட்டீர்களா என்பது. கம்பெனி கொடுத்த அடாப்டரை மட்டுமே பயன்படுத்துங்கள். அதில் உள்ள வாட் அளவும் இந்தியத் தர நிர்ணயப் பதிவு எண்ணும் தெரியும்படி போட்டோ எடுத்து வையுங்கள். மூன்றாவது, செட்டிங்ஸ். பேட்டரி நீண்ட நாள் உழைப்பதற்காக 60 அல்லது 80 சதவீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் வசதி பல லேப்டாப்களில் உண்டு. அது ஆன் செய்யப்பட்டிருந்தால் ‘சார்ஜ் ஏறவில்லை’ என்பது குறையே அல்ல. வழக்குப் போட்ட பிறகு இது தெரியவந்தால் உங்கள் பேச்சின் மதிப்பே போய்விடும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் லேப்டாப்பே ஒரு நாட்குறிப்பு எழுதி வைத்திருக்கிறது. விண்டோஸில் பவர்சிஎஃப்ஜி (powercfg) என்ற கட்டளை மூலம் ‘பேட்டரி ரிப்போர்ட்’ எடுக்கலாம். பேட்டரி முதலில் எவ்வளவு கொள்ளளவு கொண்டது, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு நிற்கிறது என்று அதில் தெரியும். மாற்றிக் கொடுத்த புது பேட்டரியும் நன்றாகவே இருக்கிறது என்றால், குறை பேட்டரியில் இல்லை, அதற்குப் பின்னால் போர்டில் இருக்கிறது என்று சந்தேகிக்க இடமுண்டு. ‘ஈவென்ட் வியூவர்’ என்ற பகுதியில் கெர்னல் பவர் 41 என்று பதிவுகள் இருந்தால் அவற்றைத் தேதியோடு பிரதி எடுங்கள். லேப்டாப் முறையாக ஷட் டவுன் ஆகாமல் நின்றது என்பதை மட்டும்தான் அந்தப் பதிவு சொல்லும், ஏன் நின்றது என்று சொல்லாது. அதற்கு மேல் அதில் அர்த்தம் ஏற்ற வேண்டாம். ஆனால் எத்தனை நாளில் எத்தனை முறை என்ற கணக்கு கிடைக்கும். மூன்றாவது முறை விண்டோஸை அழித்தபோது அதற்கு முந்தைய பதிவுகளும் போயிருக்கும். அதையும் புகாரில் குறிப்பிடுங்கள்.

தொழிலுக்கு வாங்கினால் நுகர்வோர் இல்லை என்று உங்கள் நண்பர் சொன்னது பாதி உண்மை. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வணிக நோக்கத்துக்காக வாங்கியவரை நுகர்வோர் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்கித் தானே பயன்படுத்துபவருக்கு இந்த விலக்கு பொருந்தாது என்று அந்தச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. 1995-இல் லட்சுமி இன்ஜினியரிங் ஒர்க்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை டைப்ரைட்டரையும் ஆட்டோவையும் உதாரணம் காட்டி விளக்கியது. பிழைப்புக்காகத் தானே ஓட்டுவதற்கு ஆட்டோ வாங்கியவர் நுகர்வோர்தான், உதவிக்கு ஒன்றிரண்டு பேரை வைத்துக்கொண்டாலும் அந்த நிலை மாறாது என்றது. அன்றைய டைப்ரைட்டரின் இடத்தில் இன்று உங்கள் லேப்டாப் இருக்கிறது. ஆனால் இதைப் புகார் மனுவில் நீங்களே தெளிவாக எழுத வேண்டும்: ‘என் பிழைப்புக்காக, சுயதொழிலுக்காக மட்டும் வாங்கி, நானே பயன்படுத்துகிறேன்’ என்று. இந்த ஒரு வரி இல்லாததாலேயே வீணாக வாய்தா வாங்கும் மனுக்கள் இருக்கின்றன. வாங்கும்போது ஜிஎஸ்டி எண் கொடுத்திருந்தால் எதிர்த்தரப்பு அதைப் பிடித்துக்கொள்ளும். அப்படியிருந்தால் மறைக்காமல் மனுவிலேயே சொல்லிவிடுங்கள்.

புகாரை எங்கே கொடுப்பது? கம்பெனியின் நிபந்தனைகளில் ஏதோ ஒரு தொலைதூர ஊர் நீதிமன்றம் என்று எழுதியிருக்கலாம். அது உங்களைக் கட்டுப்படுத்தாது. புகார்தாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் கொடுக்கலாம் என்று 34-ஆம் பிரிவு சொல்கிறது. உங்களுக்கு அது ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கும் விருதுநகர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருப்பதால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயும் தாக்கல் செய்யலாம். லேப்டாப் தயாரித்த கம்பெனி, பில்லில் பெயர் உள்ள விற்பனையாளர், சர்வீஸ் சென்டர், ஆன்லைன் தளம் என நால்வரையும் சேருங்கள். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் அவரைக் கை காட்டுவார்.

அதற்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்துவிடுங்கள். பல கம்பெனிகள் அங்கே வந்த புகாருக்கே இறங்கி வருகின்றன. 15 நாள் அவகாசம் கொடுத்து ஒரு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். சட்டம் அதைக் கட்டாயமாக்கவில்லை என்றாலும், பதில் வந்தாலும் வராவிட்டாலும் உங்களுக்கு லாபம்தான். புகார் கொடுப்பதற்கான காலக்கெடு, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம்.

பணம் முழுதாகத் திரும்பக் கிடைக்குமா? இங்கே நம்பிக்கையை ஊதிப் பெரிதாக்க எனக்கு விருப்பமில்லை. 2006-இல் மாருதி கார் ஒன்றின் கிளட்ச் குறை பற்றிய வழக்கில், வாரண்டி உறுதியளிப்பது பழுதான பாகத்தைச் சரிசெய்வதையோ மாற்றுவதையோதான், முழுக் காரையும் மாற்றச் சொல்ல முடியாது என்ற நிலையை உச்ச நீதிமன்றம் எடுத்தது. எதிர்த்தரப்பு இதைக் கட்டாயம் காட்டும். நம் பதில், இங்கே வாரண்டிப்படி பாகம் மாற்றும் வாய்ப்பை மூன்று முறை கொடுத்தும் குறை போகவில்லை என்பது. அதனால் கோரிக்கையை அடுக்காக வையுங்கள். முதலில் பணம் வட்டியோடு திரும்ப வேண்டும். இல்லையென்றால் புதிய லேப்டாப். அதுவும் இல்லையென்றால் இலவசமாக புது மதர்போர்டும் அதற்குப் புது வாரண்டியும். எனக்குத் தெரிந்து, பாதி வழியில் சமரசம் பேச வரும் கம்பெனிகள் பெரும்பாலும் இந்தக் கடைசி இரண்டில் ஒன்றைத்தான் முன்வைக்கும். வந்தால் யோசித்துப் பாருங்கள்.

மன உளைச்சலுக்கு 10 லட்சம் என்றெல்லாம் எழுத வேண்டாம். சீசனில் கைவிட்டுப்போன ஆர்டர்களின் வாட்ஸ்அப் செய்திகள், திருப்பிக் கொடுத்த முன்பணம், மதுரைக்கு நான்கு முறை போய்வந்த செலவு, இந்தச் சமயத்தில் வாடகைக்கு லேப்டாப் எடுத்தால் அதன் ரசீது, இவற்றைக் கூட்டி வருகிற தொகையைக் கேளுங்கள். கணக்கு இருக்கிற இழப்பைத் தருவதில் ஆணையத்துக்குத் தயக்கம் குறைவு.

வழக்கில் குறையை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் உங்களுடையதுதான். அதற்காகத்தான் லேப்டாப்பைத் தொடாமல் வையுங்கள் என்கிறேன். பார்த்தவுடன் தெரியாத குறை என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பி 45 நாளில் அறிக்கை பெற நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவில் வழி இருக்கிறது. ஆய்வுச் செலவை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். தண்ணீர் பட்டதா இல்லையா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். நீங்கள் சிந்தவில்லை என்பது உண்மையானால், அந்த ஆய்வை மனுவோடு சேர்த்து நீங்களே கேளுங்கள். எதிர்த்தரப்பு 30 நாளில் பதில் தாக்கல் செய்ய வேண்டும், அதற்கு மேல் 15 நாள்தான் கூடுதலாகக் கிடைக்கும். சாதாரண வழக்கை மூன்று மாதத்திலும், ஆய்வு தேவைப்படும் வழக்கை ஐந்து மாதத்திலும் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொன்னாலும், நடைமுறையில் கூடவே ஆகும் என்று எண்ணிக்கொண்டு இறங்குங்கள்.

ஆய்வுக்கோ சர்வீஸுக்கோ லேப்டாப்பை மறுபடி கொடுக்க நேர்ந்தால், உங்கள் வாடிக்கையாளர்களின் டிசைன்களை முதலில் வேறு ஹார்ட் டிஸ்கில் எடுத்து வைத்துவிடுங்கள். கொடுக்கிற அன்றைக்கு மூடி, கீபோர்டு, சார்ஜிங் துளை, அடிப்பக்கத்து ஸ்க்ரூக்கள் என்று எல்லாப் பக்கமும் போட்டோ எடுத்து, வாங்குகிறவரிடம் ‘வெளியில் ஈரமோ உடைசலோ இல்லை’ என்று ஜாப் ஷீட்டில் எழுதி வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள்.